காலிக் கூண்டுக்கு மழை

விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பைத் தாண்டிப் போகும் தெருவில் பிலோமினா டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவர். அதை விட்டுவிட்டுப் பச்சோந்தி வளர்க்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. காட்டிலிருந்து பிடித்து வந்ததை அவர் தொடமாட்டார். கூண்டிலேயே பிறந்த வெளிநாட்டு வகைதான், அதுவும் பதிவுச் சீட்டோடு. டீச்சருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். பச்சோந்தி கேட்டுப் போனவர்களில் பாதிப் பேர் முதல் நாளே சலித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் மறுபடியும் போவார்கள்.

ஆதிமூலம் மறுபடியும் போனவர். வயது அறுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர்.

"டீச்சர், எனக்கு ஒரு பச்சோந்தி வேணும்."

"எதுக்கு சார்?"

வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"வீட்ல யாரும் இல்லை."

டீச்சர் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சம்சாரம் சிதம்பரம் போயிருக்கா, தங்கச்சி வீட்டுக்கு. பத்து நாள்ல வர்றேன்னுதான் சொன்னா. நாலு மாசம் ஆகுது."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா தேவலையே. ஒரு வார்த்தை பேசலை. பையை எடுத்தா, போயிட்டா." ஆதிமூலம் வேட்டி நுனியைச் சரி செய்துகொண்டார். "அப்புறம் லவ் பேர்ட்ஸ் வாங்கினேன். பன்னிரண்டு நாள் இருந்துச்சு. மீன் வாங்கினேன். ஒரு வாரம். என் கூரைக்குக் கீழ எதுவும் தங்க மாட்டேங்குது டீச்சர். இதாவது தங்குதான்னு பார்க்கணும்."

"கூண்டு இருக்கா?"

"முதல்ல அது வரட்டும். கூண்டுக்கு என்ன, அன்னைக்கே வாங்கிடலாம்."

"முதல்ல கூண்டு," என்றார் டீச்சர்.

இரண்டு நாளில் ஆதிமூலம் தயாராகிவிட்டார். மீன் செத்துப்போன கண்ணாடித் தொட்டியைக் கழுவித் துடைத்து, அடியில் கூழாங்கல் பரப்பி வைத்திருந்தார். டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"இந்தக் கண்ணாடியில யார் தெரியறா சார்?"

"நான்தான்."

"உள்ள இருந்து பார்த்தா அதுக்கு அதுவேதான் தெரியும். எவனோ ஒருத்தன் வந்து நிக்கறான்னு நாள் முழுக்கப் பயந்துக்கிட்டே இருக்கும். காத்தும் வராது."

தொட்டி மாடிப்படிக்குக் கீழே போனது. கம்பிவலை போட்ட கூண்டு ஒன்று வந்தது, இடுப்பு உயரம். அதைத் தன் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு முக்காலியில் வைத்தார் ஆதிமூலம்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் உட்கார்ந்தால் வாசல் கதவு தெரியும், கூடம் தெரியும், சமையலறை அடுப்பு தெரியும், கொல்லைக் கிணறும் தெரியும். நாலும் ஒன்றாகத் தெரிகிற அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது ஐந்தாவதாகக் கூண்டும் தெரிந்தது. உள்ளே இலையில்லாத ஒரே கிளை, மூலையில் தண்ணீர்க் கிண்ணம், மேலே ஒரு விளக்கு. மறைவு என்று ஒரு விரற்கடை கிடையாது.

டீச்சர் கூண்டைச் சுற்றி வந்தார்.

"சாப்பிட்டாச்சா சார்?"

"இனிமேதான்."

"சாப்பிடுங்களேன்."

இவர் ஏன் இதைச் சொல்கிறார் என்று தெரியாமலே ஆதிமூலம் தட்டில் தக்காளி சாதம் போட்டுக்கொண்டு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்திருப்பார். டீச்சர் அந்த நாற்காலியின் மேல் ஏறி நின்றார். நின்றபடி கீழே அவரையே பார்த்தார்.

"என்ன டீச்சர் இது? விழுந்து வைக்காதீங்க. ஆட்டோ பிடிக்கக்கூட ஆள் கிடையாது."

"விழ மாட்டேன். நீங்க சாப்பிடுங்க."

இன்னொரு வாய்.

"உப்பு கம்மியா இருக்கோ?" மேலிருந்து குரல் வந்தது.

"இல்லையே."

"ஊறுகாய் தொட்டுக்கலை?"

"வேண்டாம்."

"சோத்தைக் கொஞ்சம் பிசைஞ்சு சாப்பிடலாம். தண்ணி வெச்சுக்கலை பாருங்க."

ஆதிமூலம் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார்.

"இறங்குங்க டீச்சர். தொண்டையில இறங்க மாட்டேங்குது."

டீச்சர் இறங்கினார். கூண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆதிமூலம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் மனைவி செங்கமலம் இப்படித்தான் வெங்காயத்தைப் பாதி நறுக்கினபடி அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கடுகு வெடிக்கட்டும், அப்புறம் வெங்காயத்தைப் போடு என்று நாற்காலியிலிருந்து சொன்னார். அவ்வளவுதான். அவள் முப்பத்து நாலு வருடமாகத் தாளித்துக்கொண்டிருக்கிறவள்.

கை அலம்பிவிட்டு வந்து கூண்டைத் தூக்கி, மேலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி புத்தக அலமாரியின் தலையில் வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை டீச்சர் வந்தபோது கூண்டை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இது சரி," என்றார். "தண்ணி?"

"கிண்ணத்துல இருக்கே."

"கிண்ணத்துல குடிக்காது. இலையில சொட்டு நின்னா நக்கிக்கும். காலையில ஒரு மழை, சாயங்காலம் ஒரு மழை வேணும்."

"மழைக்கு நான் எங்க போவேன்?"

"ஃபேன்சி ஸ்டோருக்குப் போங்க. இஸ்திரிக்குத் தண்ணி அடிக்கிற பாட்டில் கிடைக்கும்." டீச்சர் ஒரு மணி பிளாண்ட் தொட்டியைக் கூண்டுக்குள் இறக்கினார். "ஒரு மாசம் அடிங்க. விளக்கைப் போடுங்க, அணைங்க. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு எழுதுங்க."

"அது எப்ப வரும்?"

"மாசம் முடியட்டும்."

"உள்ள யாருமே இல்லாம நான் யாருக்கு மழை பெய்யறது?"

"பெய்யுங்க சார்."

ஆதிமூலத்துக்கு நோட்டு எழுதத் தெரியும். நீளவாக்கில் கோடு போட்டு, காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று வண்டி நேரம் குறிப்பதுபோலக் குறித்தார். சன்னல் வழியே பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார், "என்ன சார், காத்தைக் குளிப்பாட்டுறீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு," என்றார் ஆதிமூலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்துக்குப் போன் செய்வார். அவள் போன நாளிலிருந்து ஒரே பேச்சுதான்.

"ஆறு பத்துக்கு ஒரு பாசஞ்சர் இருக்கு. ஏறினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடலாம்."

"சரி," என்பாள் செங்கமலம்.

"காலையிலன்னா ஏழே முக்காலுக்கு."

"சரி."

தான் வரச்சொல்லிக் கூப்பிடுகிறோம் என்றுதான் ஆதிமூலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்தது. டீச்சர் சந்தையிலிருந்து நேராகப் பையோடு வந்தார். பையிலிருந்து பிஞ்சுப் பாகற்காய் ஒன்றை எடுத்தார்.

"கொஞ்சம் கொல்லைப்பக்கம் போயிட்டு வாங்க."

போய்விட்டு வந்தார்.

"கூண்டுக்குள்ள பாகற்காய் இருக்கு. உங்க நாற்காலியில உட்கார்ந்தபடியே கண்டுபிடிங்க."

பனிமூட்டத்தில் சிக்னல் பார்த்த கண். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். "இடது பக்கம், மேல இருந்து ரெண்டாவது இலைக்குப் பின்னாடி. பாஸா?"

டீச்சர் பாகற்காயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னும் செடி வேணும்."

செம்பருத்தி ஒன்று உள்ளே போனது. அடுத்த வாரம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அதை வைத்துப் பிடித்துவிட்டார்.

"இன்னும் செடி," என்றார் டீச்சர்.

"இதுக்கு மேல வெச்சா எனக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர்."

டீச்சர் காபியை ஒரு வாய் குடித்தார். "டிகாக்ஷன் நல்லா இறங்கியிருக்கு," என்றார்.

மூன்றாவது வாரம் ஆதிமூலம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். எழுந்து போய்ப் பார்க்கக் கால் பரபரத்தது.

"நீங்க வைக்கலை டீச்சர். சும்மா ஏமாத்தறீங்க."

டீச்சர் ஸ்டூலில் ஏறிக் கூண்டைத் திறந்தார். இலைகளை விலக்கிக் காட்டினார். நட்ட நடுவில் பாகற்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப வரலாம்," என்றார். "வியாழக்கிழமை கொண்டுவர்றேன்."

"நான் கண்டுபிடிக்கலையே."

"ஆமாம்."

ஜெயித்ததா தோற்றதா என்று ஆதிமூலத்துக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நோட்டில் எழுத வேண்டியதை மறந்துபோனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால மழையை அடித்துக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. எப்போதும் போன் செய்கிறவர் அவர்தான். அன்றைக்கு நேரம் தாண்டியிருந்தது.

"என்ன, போனைக் காணோம்?" என்றாள் செங்கமலம். "அது என்ன சத்தம்?"

"மழை."

"விழுப்புரத்துல மழையா? இங்க பகலெல்லாம் வெயில் கொளுத்துச்சு."

"நம்ம வீட்டுக்குள்ள மட்டும்."

கூண்டைப் பற்றிச் சொன்னார். பாகற்காயைப் பற்றிச் சொன்னார். டீச்சர் நாற்காலி மேல் ஏறி நின்றதையும், ஊறுகாய் தொட்டுக்கலையா என்று கேட்டதையும் சொன்னார்.

"சோறு இறங்கலைம்மா எனக்கு," என்றார் ஆதிமூலம்.

ஆறு பத்து பாசஞ்சர் அவர் நாக்கு நுனிவரை வந்தது. எச்சிலோடு விழுங்கினார்.

"கடுகெல்லாம் ஒழுங்கா வெடிக்குதா?" என்றாள்.

"தினம் தீயுது."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகக்கூட இருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். ரெண்டு நாள்தான்."

எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் போனை வைக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

வியாழக்கிழமை டீச்சர் துளை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்தார். விரல் நீளக் குட்டி. டீச்சர் கையிலிருந்து கிளைக்கு ஏறியது. ஓர் அடி வைத்து, முன்னும் பின்னும் ஆடி, யோசித்து, அடுத்த அடி வைத்தது. ஒரு கண் விளக்கைப் பார்த்தது. இன்னொரு கண் தனியாகச் சுழன்று வந்து ஆதிமூலத்தின் மேல் நின்றது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அடுத்த நிமிடம் அங்கே செம்பருத்தி இலைகள் மட்டும் இருந்தன.

ஆதிமூலம் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"போயிடுச்சு."

"உள்ளதான் இருக்கு."

"இனிமே எப்ப வெளிய வரும்?"

"சொல்ல முடியாது. சில குட்டி மூணு நாள்ல வரும். சிலது மாசக்கணக்கா உள்ளயே இருக்கும்."

டீச்சர் அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துக்கொண்டார். ஆதிமூலம் வாசல்வரை கூடவே வந்தார்.

"டீச்சர், நாளைக்கு செங்கமலம் வர்றா."

"சந்தோஷம் சார்."

"ரெண்டு நாள்தான்னு சொல்லியிருக்கா."

"சரி."

"அதுக்கப்புறம் இருப்பாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் குட்டியாவது தங்குமா?"

"அதுவும் தெரியாது."

"நீங்களே தெரியாதுன்னா எப்படி டீச்சர்? எனக்கு எப்பத்தான் தெரியும்?"

டீச்சர் ஒரு காலில் செருப்பை மாட்டினார். இன்னொன்றைத் தேடி மாட்டினார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாமலே கொஞ்ச நாள் இருந்து பாருங்க, சார்."