குக்குறுவான் கோடையில் கூவத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில், பறவையின் பேச்சு மனிதருக்கும் மனிதரின் பேச்சு பறவைக்கும் விளங்கிக்கொண்டிருந்தபோது, ஏலமுடி என்ற மலையூரில் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. கல் சுவர், புல் கூரை. கீழே சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போதும் இங்கே விடியற்காலையில் போர்வை வேண்டும்.

அந்தக் குளிர்ச்சியே ஊருக்கு வினையாகிவிட்டது. சமவெளியின் ஜமீன்தார் ஒரு கோடையில் வந்து தங்கினார். பிடித்துப்போனது. அதற்குப் பிறகு சித்திரை பிறந்தால் அவருடைய குடும்பம் பல்லக்கேறி வந்துவிடும். அவர்கள் வருவதற்குள் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு வீடுகளையும் மெழுகிக் கொடுத்துவிட்டு, பள்ளத்திலிருந்த பாறைக்குகைக்குப் போய்விட வேண்டும். மூன்று மாதம் அங்கேதான். ஜமீன்தாரின் மனைவிக்குப் பகல் தூக்கம் கலையக்கூடாது என்பதற்காக, கோடையில் பறவைகள்கூட வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. திறந்தால் கல்லெறி.

ஊரின் நடுவே சடைச்சியும் அவள் கணவன் பெரியாண்டியும் இருந்தார்கள். போன கோடையில் குகையின் ஈரத்தில் இருமி இருமி அவர்களுடைய மூன்று வயது மகள் இறந்துபோனாள். இப்போது சடைச்சியின் மடியில் நாற்பது நாள் ஆண்குழந்தை.

பங்குனி முடியும் நேரம். பெரியாண்டி சாமான்களை மூட்டை கட்டினான். சடைச்சி எழுந்திருக்கவில்லை.

“மூட்டையைப் பிரிங்க. நான் வரல.”

“அடிப்பாங்க, சடைச்சி.”

“அந்தக் குகைக்கு ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு. இவனைக் குடுக்க மாட்டேன்.”

பெரியாண்டி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான்.

மற்ற பதினொரு வீட்டாரும் இறங்கிப் போனார்கள். பக்கத்து அத்திமரத்தில் இருந்த குக்குறுவான் குருவி கேட்டது: “நீங்க போகலையா?”

“போகல,” என்றாள் சடைச்சி. “பொந்துல உனக்கு முட்டை இருக்கே. நீயும் போகாத.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்.”

மறுநாள் காலையில் ஜமீனின் காரியக்காரர் திருவேங்கடம் பத்து ஆட்களோடு வந்தார். வீட்டுக்குள் ஆள் இருப்பதைப் பார்த்ததும் கூரையைப் பிரிக்கச் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் நான்கு சுவர்தான் மிச்சம். சடைச்சி முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு அதே இடத்தில் இருந்தாள். பெரியாண்டி அவளுக்கு முன்னால் நின்றான்.

“புல்லு மலையில நிறைய இருக்கு, ஐயா,” என்றாள் அவள். “மறுபடி கூரை மேய்ஞ்சுக்கறோம்.”

குக்குறுவான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது கோடையில் முதன்முதலாக வாய் திறந்தது.

“குடியிரு, குடியிரு, குடியிரு.”

ஒரு கல் பறந்து வந்து கிளையில் பட்டது. அடுத்த கல் அதன் இறக்கையை உரசியது. அது பொந்துக்குள் புகுந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி மறுபடியும் கூவியது. அன்று பகல் முழுக்க நிறுத்தவில்லை.

அந்தக் குரல் பள்ளத்தில் இறங்கிக் குகை வரை போனது. கோடையில் பறவைச் சத்தத்தையே கேட்டறியாத சனம் திகைத்து நின்றது.

“யாரைச் சொல்லுது?” என்றான் ஒருவன்.

“நம்மளத்தான்,” என்றாள் குறும்பாயி. அவள் கணவனை இழந்தவள். ஊரின் கடைசி வீட்டுக்காரி. தன் பானையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் ஏறினார்கள். திருவேங்கடமும் பத்து ஆட்களும் எத்தனை பேரைத்தான் தடுப்பார்கள்? ஊரே திரண்டு வருவதைக் கண்டு மலையிறங்கி ஓடிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் பல்லக்குகள் வந்தபோது பதினொரு வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜமீன்தார் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டார். யாரும் வாசலை விட்டு நகரவில்லை. பல்லக்குத் தூக்கி வந்தவர்களைப் பார்த்து, “இழுத்து வெளியே போடுங்க,” என்றார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து கோடைமழை ஆலங்கட்டியோடு இறங்கியது. பல்லக்கின் துணி கிழிந்து, ஜமீன்தாரின் மனைவி தொப்பலாக நனைந்தாள்.

குறும்பாயி கதவை அகலமாகத் திறந்தாள்.

“உள்ள வாங்கம்மா. மழை விடற வரைக்கும் இருங்க.”

அந்த அம்மாள் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அங்கே சடைச்சியும் குழந்தையோடு ஒதுங்கியிருந்தாள்.

“உன் வீடு எது?”

“எதிர்ல கூரை இல்லாம நிக்குதே, அதுதாங்க.”

“இவ்வளவு ஆகியும் ஏன் போகல?”

சடைச்சி தன் மகளைப் பற்றிச் சொன்னாள். அழாமல் சொன்னாள். மழை விட்டதும் அந்த அம்மாள் வெளியே வந்து கணவரிடம், “இறங்கிடலாம். இது இவங்க குடியிருக்கிற வீடு,” என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பல்லக்கில் ஏறிவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் மலையிறங்கினார்கள். அப்புறம் எந்தக் கோடையிலும் வரவில்லை. ஊரே கூடி இரண்டு நாளில் சடைச்சியின் வீட்டுக்குப் புல்லால் கூரை வேய்ந்தது.

குக்குறுவான் மட்டும் கூவிக்கொண்டே இருந்தது. சடைச்சி அத்திமரத்தடியில் வந்து நின்று, “போதும். அவங்க போயிட்டாங்க,” என்றாள்.

“அடுத்த கோடையில வேற யாராச்சும் வந்தா?” என்று கேட்டுவிட்டு, அது மறுபடியும் ஆரம்பித்தது.

கோடை பிறந்ததும் குக்குறுவான் தானே மரத்தைக் குடைந்து பொந்து செய்துகொண்டு, காலை முதல் மாலை வரை ஓயாமல் கூவுவது அன்று தொடங்கியதுதான்.