நனையாத துப்பாக்கி

வாத்தைச் சுடக் கூடாது என்று சட்டம் வருவதற்கு வெகுகாலம் முந்தியே நெட்டேரியில் வாத்துகள் நிம்மதியாகத்தான் இருந்தன. ஊர்க்காரர்களுக்கு இரக்கம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறொன்று குறைவு.

அந்த ஊர் பிச்சாண்டிக்கு ரங்கூன் மாசிலாமணியின் மகள் செங்கமலத்தைக் கட்டிக்கொள்ள ஆசை. பெண்ணுக்கும் சம்மதம். ஏன் சம்மதம் என்று கேட்காதீர்கள். ஊரில் மற்ற பிள்ளைகளைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். மாசிலாமணி ரங்கூனிலிருந்து வரும்போது ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தவர். அதை அவர் ஒருநாளும் சுட்டதில்லை. துடைப்பதோடு சரி.

"மாப்பிள்ளே, நிச்சயதார்த்த விருந்துக்கு ஏரியில ரெண்டு வாத்து சுட்டுக் கொண்டாங்க," என்று அதைப் பிச்சாண்டியிடம் நீட்டினார். "ஆனா இது மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. ஈரக் கையால தொடக் கூடாது. எண்ணெய் தடவி வைக்கணும். தோட்டாவத் தோணியில வைக்கக் கூடாது. துப்பாக்கிய நனைக்கிறவன் வீட்டுல என் பொண்ணு ஒரு பொழுது தங்க மாட்டா. இது சத்தியம்."

பிச்சாண்டி துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவர் அவன் சித்தப்பா கோட்டைமுத்து, ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். இன்னொருவன் கூட்டாளி அரியான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது அவன் தொழில்.

"எண்ணெய்னா எந்தக் கிழமை?" என்று கோட்டைமுத்து ஆரம்பித்தார். "ஆம்பளைன்னா சனி, பொம்பளைன்னா வெள்ளி. துப்பாக்கி ஆணா, பொண்ணா?"

"சத்தம் போடும். அப்ப ஆம்பளைதான்," என்றான் அரியான்.

"சத்தத்த வச்சுச் சொல்ல முடியாதுடா. எங்க வீட்டுல ரெண்டு பேரும்தான் போடுறோம்."

"ரெண்டு குழல் இருக்கே சித்தப்பா," என்றான் பிச்சாண்டி. "புருஷன் பெண்டாட்டியா இருக்குமோ?"

கல்யாண ஆசையில் இருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சித்தப்பா அசந்துபோய்விட்டார். வெள்ளிக்கிழமை ஒரு குழலுக்கும் சனிக்கிழமை மறு குழலுக்கும் நல்லெண்ணெய் தேய்த்தார்கள். தண்ணீர் படக் கூடாது என்பதால் சீயக்காய்ப் பொடியை வறட்டுப் பொடியாகவே போட்டுத் துடைத்தார்கள். எண்ணெய் தேய்த்த நாளில் பகலில் தூங்கக் கூடாதல்லவா, அதனால் அரியான் துப்பாக்கியை மடியில் வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். நடுவில் அவன் தூங்கிவிட்டான். துப்பாக்கி தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோணியோடு ஏரிக்கு வந்தார்கள்.

"துடுப்புப் போட்டா தண்ணி தெறிக்கும்," என்றார் கோட்டைமுத்து.

"துடுப்பு வேண்டாம்," என்றான் அரியான்.

"நாம ஏறுனா தோணி ஆடும். ஆடுனா தண்ணி உள்ள வரும்."

"அப்ப நாமளும் வேண்டாம்."

ஆகவே துப்பாக்கி மட்டும் தோணியில் ஏறியது. அடியில் மெத்தை, மேலே கட்டிவைத்த குடை. மூன்று பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்களைக்கூட அவ்வளவு மரியாதையாக யாரும் அழைத்துப் போயிருக்க மாட்டார்கள். தோட்டாப் பை அரியானின் கழுத்தில் தொங்கியபடி தண்ணீருக்குள் ஊறியது. தோட்டா நனையக் கூடாது என்று மாசிலாமணி சொல்லவே இல்லையே.

ஏரி நடுவில் ஒரு பட்டமரத்தில் தோணியைக் கட்டினார்கள். வாத்துகள் விலகிப் போகவில்லை. தண்ணீரில் மெத்தை வருவதை அவை அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது. கிட்டேயே வந்தன.

"சுடுறா," என்றார் சித்தப்பா மெதுவாக.

"கை ஈரமா இருக்கே சித்தப்பா."

"துடை."

"துண்டும் ஈரமா இருக்கே."

"அப்ப காயட்டும். என்ன அவசரம்?"

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி மூவரும் காய ஆரம்பித்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது.

"எனக்குத் தலை காஞ்சிருச்சு," என்றான் அரியான்.

"மேலேர்ந்துதான் காஞ்சுக்கிட்டே வரும். பொறுமையா இரு," என்றார் கோட்டைமுத்து.

இதற்குள் இரண்டு வாத்துகள் தோணியில் ஏறி, குடை நிழலில், துப்பாக்கியை ஒட்டிப் படுத்துக்கொண்டன.

"சரியா ரெண்டு," என்றான் அரியான். "புடிச்சிரலாமா?"

"சுட்டுக் கொண்டான்னுதான் சொன்னாரு. புடிச்சுக் கொண்டான்னா சொன்னாரு?" என்று கேட்டான் பிச்சாண்டி. மாமனார் சொல்லைத் தட்டாத பிள்ளை.

சாயங்காலம் கரையேறி, நன்றாகக் காய்ந்து, உலர்ந்த கையோடு துப்பாக்கியை எடுக்க மறுபடி ஏரியில் இறங்கினார்கள். போய்ச் சேர்ந்தபோது கை ஈரமாக இருந்தது. திரும்பி வந்தார்கள், காய்ந்தார்கள், போனார்கள். மறுபடியும் ஈரம். கடைசியில் கோட்டைமுத்துதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"ஏரிதாண்டா நம்மள நனைக்குது."

மாசிலாமணியிடம் போய் நிலைமையைச் சொன்னார்கள்.

"துப்பாக்கி நனைஞ்சுதா?" என்று கேட்டார் அவர்.

"ஒரு சொட்டுப் படல மாமா. நாங்கதான் நனைஞ்சிருக்கோம். ஏரி வத்துனதும் எடுத்துட்டு வந்திருவோம்."

மாசிலாமணிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. இப்படிப் பொறுப்பான மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? கதவோரம் நின்ற செங்கமலத்துக்குத்தான் வயிற்றெரிச்சல்.

"தோணியக் கரைக்கு இழுத்தா துப்பாக்கியும் கூடவே வந்திராதா?" என்றாள்.

நான்கு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "ஆம்பளைங்க பேசுறப்ப குறுக்க பேசாதம்மா," என்றார் அப்பா. தையில் நடக்கவிருந்த கல்யாணம் சித்திரைக்குப் போயிற்று.

சித்திரையில் ஏரி வற்றியது. வெடித்த சேற்றுக் கட்டிகள் மேல் நடந்துபோய் உலர்ந்த கையால் துப்பாக்கியை எடுத்தார்கள். வாத்துகள் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டிருந்தன. மெத்தையில் அவை விட்டுப்போனதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

மாசிலாமணி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருவில்லை, ஈரமில்லை, சீயக்காய் வாசனை வேறு. அவருக்கு நெஞ்சு நிறைந்து கண் நிறைந்தது. ஆனந்தக் கண்ணீர் ஒரு சொட்டு, குழல் மேல் விழுந்தது.

நால்வரும் குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தார்கள்.

"நனைஞ்சிருச்சு," என்றான் அரியான்.

"கல்யாணம் நின்னுருச்சு," என்று பிச்சாண்டி அழ ஆரம்பித்தான். கோட்டைமுத்து அவசரமாகத் துப்பாக்கியை அவன் முகத்துக்கு எட்டாமல் தள்ளி வைத்தார்.

செங்கமலம் பொறுத்ததெல்லாம் போதும் என்று வெளியே வந்தாள். "நனைக்கிறவன் வீட்டுல நான் ஒரு பொழுது தங்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணீங்க? நனைச்சது நீங்க. இது உங்க வீடு."

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நியாயமாக இருந்தது. "சத்தியம் சத்தியம்தான். இன்னிக்கே கல்யாணத்த முடிச்சு நீ கிளம்பும்மா," என்றார். துப்பாக்கியையும் சீராகக் கொடுத்துவிட்டார். நனைக்கிறவன் வீட்டில் அதுவும் இருக்கக் கூடாதல்லவா.

கோயில் வாசலில் அவசரக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் கோடைமழை பிடித்துக்கொண்டது. இருந்த ஒரே குடையைத் துப்பாக்கிக்குப் பிடித்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. பிச்சாண்டி தாலியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கட்டுங்க," என்றாள் செங்கமலம்.

"கை ஈரமா இருக்கு. காயட்டும்," என்றான் அவன், கொட்டும் மழையில்.

செங்கமலம் தாலியைப் பிடுங்கித் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டாள்.

மேளம் நின்றது. கோட்டைமுத்து முன்னால் வந்தார்.

"பொறுங்க. இப்ப கட்டுனது யாரு?"

"செங்கமலம்," என்றான் அரியான்.

"தாலிய யாரு கட்டுறாங்களோ அவங்கதான் புருஷன். இதுல மாத்துப் பேச்சு உண்டா?"

அந்த ஊரில் மாற்றுப் பேச்சு பேசக்கூடிய ஒரே ஆள் செங்கமலம்தான். அவளோ துப்பாக்கியைத் தோளில் போட்டு, அதற்குக் குடையும் பிடித்தபடி முன்னால் நடந்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில், ஊர்ப் பெண்கள் ஆரத்தி சுற்ற, கையில் குத்துவிளக்கோடு தலையைக் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து, பிச்சாண்டி தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கே மருமகளாக வந்து சேர்ந்தான். பிள்ளையைத் தாரைவார்த்த துக்கத்தில் கோட்டைமுத்து தேம்பித் தேம்பி அழுதார், துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் நின்று.