கருப்பு வளையமும் சுரண்டை பஸ்ஸும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. மெதுவாகத்தான் சொல்வேன்.

தென்காசியில் பல் செய்து கொடுக்கிற இடம் ஒன்று. அங்கே குரு பர்வீன். முப்பது வயசுகூட ஆகாது. சீடர் ஆவுடையப்பன், ஓட்டுச் சூளையில் தீ போட்டே தலை நரைத்தவர்.

இங்கே தீ கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பு. சிர்கோனியா என்கிற வெள்ளைப் பொடியில் செய்த பல் சாக்பீஸ் மாதிரி உள்ளே போகும். பொடியெல்லாம் ஒட்டி, சுருங்கி, இறுகி, கல்லாக வெளியே வரும்.

அன்றைக்குப் பல்லுக்குக் காத்திருந்தவர் மாசானம். பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊர்ப்பேர் சொல்கிறவர். முன்பல் போனதிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நாளைக்கும் இப்படியென்றால் மைக் வேறு ஆளுக்கு.

"வே ஆவுடை, நான் 'சுரண்டை'ன்னேன். விசில்னு நெனச்சு டிரைவர் வண்டியை எடுத்துட்டான்வே."

அடுப்புக்குள் பல்லைச் சுற்றி ஒரு கருப்பு வளையம் உண்டு. எப்போதும் அதுதான் முதலில் சிவக்கும். பல்லுக்குப் போகிற சூட்டை இது தின்கிறதே என்று, பர்வீன் நகர்ந்த நேரம் ஆவுடையப்பன் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

அடுப்பு ஓடி முடிந்தது. பல் ஜில்லென்று இருந்தது. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

மாசானத்துக்குச் செய்து வைத்ததில் மிச்சம் ஒரே பல்.

பர்வீன் திட்டவில்லை. வளையத்தையும் அந்தப் பல்லையும் உள்ளே வைத்தார். அடுப்புக்குள் பார்க்கிற துளைக்கு முன்னால் ஆவுடையப்பனை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

வளையம் சிவந்தது.

"பாருங்க மேடம், திங்குது."

"நீங்க பாருங்க அண்ணாச்சி."

மெல்லப் பல்லும் சிவந்தது. பிறகு அது ஜொலித்த ஜொலிப்பில் வளையம் மங்கித் தெரிந்தது.

"இப்ப யாரு குடுக்கிற சூடு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அடுப்புகிட்ட இருந்து பல்லு தானா வாங்குது. குளிர்ந்து கிடக்கையில அதுக்கு வாங்கத் தெரியாது, வளையந்தான் சூடேத்தி விடும்."

"அப்ப வளையம்?"

"பக்கத்துல இருக்கும்."

"எப்ப குறைக்கணும்?"

"மேல மேல வாங்கும். விட்டா வெடிச்சிரும். சூட்டைக் குறைக்கிற குமிழ்ல கை வைங்க."

வைத்தார். நிறம் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். முடித்துத் திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி.

மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆவுடையப்பனும் பர்வீனும். மைக்கில் மாசானத்தின் "சுரண்டை! சுரண்டை!" கணீரென்று வந்தது.

"நேத்து எப்ப எழுந்து போனீங்க மேடம்?"

"நீங்க நிறம் பார்த்துக் குறைக்க ஆரம்பிச்சதும்."

"என் கையில வெடிச்சிருந்தா?"

பர்வீன் மிச்ச டீயைக் குடித்தார். பல் செய்கிற இடத்துச் சாவியை ஆவுடையப்பனின் கிளாஸ் பக்கத்தில் வைத்தார். சுரண்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.