மாசானம் நரிமுடி ஏறாத கதை

எங்கள் நாலு பேர் புத்தியையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணும் என்று தொட்டிப்பாறையில் சொல்வார்கள். நடந்ததைப் பார்த்தால், ஊரார் எங்களைக் கொஞ்சம் தூக்கிவைத்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

நாலு பேர் என்றால் சிவனாண்டி, தவசி, மாசானம், நான். சிவனாண்டியிடம் குடை இருந்ததால் அவர்தான் தலைவர். மாசானத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அவனுக்குச் சொந்தபந்தம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொள்ள நாங்கள் மூன்று பேர்தான். பெண் மலைக்கு அந்தப் பக்கம், மேலச்சுனை வடிவு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை நரிமுடி உச்சிக்கு ஏறி, அங்கே இருக்கும் கம்பத்தில் மஞ்சள் துணி கட்ட வேண்டும். பெண் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அது தெரியும். தெரிந்ததும் பந்தக்கால் நடுவார்கள். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் தெரியாவிட்டால் கல்யாணம் இல்லை. மாசானத்துக்கு வடிவின் மேல் கொள்ளை ஆசை. அந்தக் கவலையிலேயே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் அடிவாரம் போனோம். காட்டிலாகா வாட்சர் தடுத்தார்.

"மேல மேகம் இருக்கா, பாதை நல்லா இருக்கான்னு பாத்தீங்களா? அதெல்லாம் பாக்காம ஏறப்பிடாது. மூட்டை முடிச்ச இங்க வச்சிட்டு மொதல்ல பாருங்க. அப்புறம் ஏறுங்க."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் அன்றைய வானிலை என்று என்னவோ எழுதியிருந்தது. எங்களை வானத்தைத்தானே பார்க்கச் சொன்னார், பலகையை இல்லையே. அதனால் அண்ணாந்து பார்த்தோம். முன்னால் ஒரு பாறை மறைத்தது.

"இங்க நின்னா உச்சி தெரியலையே அண்ணாச்சி," என்றான் தவசி.

"தெரியலன்னா, தெரியுத எடத்துக்குப் போயில்லா பாக்கணும்."

"தெரியுத எடம் எது?"

சிவனாண்டி வெகுநேரம் யோசித்தார். "உச்சிதான்," என்றார்.

கட்ட வேண்டிய துணியை வாட்சர் அறையில் வைத்துவிட்டு, மலை ஏறலாமா என்று பார்ப்பதற்காக மலை ஏறினோம்.

வழியில் ஓடைக்கு மேலே ஒரு மரப்பாலம். நாலு பேரைத் தாங்குமா என்று பார்க்க நாலு பேரும் அதன்மேல் நின்று குதித்தோம். மூன்றாவது குதியில் தெரிந்துவிட்டது. நனைந்தபடி கரையேறினோம். கொஞ்சம் தள்ளித் தூறல் போட்டது. சிவனாண்டி குடையை விரிக்கவில்லை. விரித்தால் மழை பெய்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயம்தான்.

உச்சியில் வெயில் பளிச்சென்று அடித்தது. கம்பத்தை மாசானம் தடவித் தடவிப் பார்த்தான். அவன் தோளில் ஒரு துண்டு கிடந்தது, ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை இருந்தாலும் மஞ்சள் துண்டுதான்.

"அண்ணாச்சி, இதையே கட்டிரட்டா?"

"நீ இன்னும் மலையே ஏறலையேல. நாம பாக்கதுக்குத்தான் வந்திருக்கோம். ஏறாமலே கட்டினா அது ஏமாத்துல்லா?"

மாசானம் நேர்மையானவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

அடிவாரத்தில் வாட்சர் கையை விரித்தார். மத்தியானத்துக்கு மேல் யாரையும் ஏற விடமாட்டாராம்.

"நாளைக்கு நாளைய வானத்தப் பாக்கணும். மேலச்சுனைல நின்னா உச்சி நல்லாத் தெரியும். அங்க யார்ட்டயாவது கேட்டுட்டு வாங்க," என்றார்.

வடிவுக்குப் போன் போடலாமே என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை.

"கேட்டுட்டு வாங்கன்னுல்லா சொன்னாரு. போன்ல கேட்டா எங்கேருந்துல வாரது?" என்றார் சிவனாண்டி.

மேலச்சுனைக்குப் பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு அரை நாள். குறுக்கு வழி ஒன்று உண்டு. அது நரிமுடி உச்சி வழியாகப் போகிறது. புதன்கிழமை விடியும் முன்பே, வாட்சரின் தூக்கத்தைக் கெடுக்காமல், அப்படியே போனோம்.

வடிவு வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல வானம் எப்படி இருக்கு வடிவு?" என்று மாசானம் மூச்சிரைக்கக் கேட்டான்.

"வெயிலடிக்கி. நீங்க நாலு பேரும் இப்ப உச்சில நின்னதப் பாத்தேன். நேத்தும் பாத்தேன்."

"அப்ப ஏறலாமா?"

அவள் மிளகாயை விட்டுவிட்டு எழுந்தாள். "கட்டுத துணி எங்க?"

"அடிவாரத்துல பத்திரமா இருக்கு."

வடிவு மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தத் துண்டக் குடுங்க," என்றாள். மாசானம் கொடுத்தான். வடிவு தன்னிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் என்று வழியெல்லாம் பூரித்துப்போனான். நாங்கள் திரும்பி ஏறும்போது அவளும் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். விறகு பொறுக்க வருகிறாளாக்கும் என்று நாங்கள் தொந்தரவு செய்யவில்லை.

வியாழக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. வானிலை கேட்டாகிவிட்டது, வாட்சரும் விட்டுவிட்டார். மூன்று முறை உச்சியை மிதித்த கால்களோடு, துணியை எடுத்துக்கொண்டு, முதல்முறையாக மலை ஏறினோம்.

கம்பத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் துண்டு பறந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை.

மாசானம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எவனோ முந்திட்டான் அண்ணாச்சி. எந்துண்டு மாதிரியே வச்சிருக்கான் படுபாவி."

ஒரு கம்பத்துக்கு ஒரு மாப்பிள்ளைதான். அழுதோம். எனக்குமே அடக்க முடியவில்லை. கொண்டுபோன துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் மாசானம் பெரிய மனசு பண்ணினான். "வடிவு எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். போயி வாழ்த்திட்டு வந்திருவோம்," என்றான். மேலச்சுனைப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று மாசானம் சிவனாண்டியின் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

மணவறையில் வடிவு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வாசலுக்கும் மணவறைக்குமாக ஓடினார். ஐயர் நேரமாகிறது, நேரமாகிறது என்றார். மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இது, மாப்பிள்ளைப் பயல இன்னும் காணோமே. பாவம்லா வடிவு," என்றான் குடைக்குப் பின்னாலிருந்து.

சிவனாண்டி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"வந்திருவாம்ல. பொறுப்பான பய போலிருக்கு. மலை எறங்கலாமான்னு பாக்க அடிவாரத்துக்குப் போயிருப்பான்."