முழங்கை மடிப்பில் ஒரு புது உயிர்

நாகர்கோவிலில் தோல் கிருமிகளை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவி ஹமீதா. அவரிடம் மாணவியாகச் சேர்ந்த லீலாபாய் ஆசிரியையைவிட மூத்தவள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு, நாற்பதைத் தொடும்போது ஆராய்ச்சிக்கு வந்தவள். வீட்டில் கைப்பிள்ளை.

ஒருநாள் தன் முழங்கை மடிப்பில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்ததை லீலாபாய் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் இட்டாள். சாம்பல் நிறப் புள்ளிகள் முளைத்தன. எந்தப் பதிவிலும் இல்லாத பாக்டீரியா. அதுவரை யாரும் அறியாத இனம்.

கூடமே கொண்டாடியது. லீலாபாய் மட்டும் ஹமீதாவிடம் போய் நின்றாள்.

"மேடம், இது என்ன செய்யும்?"

"தெரியாது."

"பிள்ளைக்கு ஏதாவது வந்துட்டா?"

"உங்களுக்கு இதுவரைக்கும் ஏதாவது வந்துச்சா அக்கா?"

"இனிமே வந்தா?"

"எப்பவும்போல இருங்க. பொறுமையாப் பார்ப்போம்."

அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து பிள்ளையைத் தொடவில்லை. பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள், மாமியார் ஊட்டினாள். தொட்டிலில் அது வீறிட்டபோதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தானும் அழுதாள். ஸ்பிரிட்டால் கையைத் துடைத்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். தோல் வெடித்தது. அதற்கு மேலும் தேய்த்தாள்.

ஒரு வாரம் கழித்து ஹமீதாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"போயிடுச்சான்னு பாருங்க மேடம்."

முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிவந்து கசிந்துகொண்டிருந்தது. ஹமீதா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பஞ்சுக்குச்சியை எடுத்தார்.

தட்டின் முடிவு தெரியும்வரை லீலாபாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஹமீதா கூப்பிட்டு அனுப்பியதும் ஓடினாள்.

"சாம்பல் புள்ளி ஒண்ணுகூட இல்லை அக்கா."

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

லீலாபாய் நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"அப்போ பிள்ளையைத் தூக்கலாம்!"

ஹமீதா தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். தட்டு நிறைய மஞ்சள் புள்ளிகள். ஆஸ்பத்திரியிலிருந்து சீழ்பிடித்த புண்ணில் எடுத்ததைப் பரிசோதிக்க அனுப்பும்போதெல்லாம் லீலாபாய் பார்த்துப் பழகிய நிறம்.

"இது... இதை எனக்குத் தெரியுமே."

"நல்லாவே தெரியும். அந்தச் சாம்பல் காலி பண்ணின இடத்துல இந்தச் சீழ்க்கிருமி குடிவந்திருக்கு."

லீலாபாய் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பிள்ளையை எப்போ தூக்கலாம் மேடம்?"

"போன வாரம் தூக்கியிருக்கலாம்" என்றார் ஹமீதா. "இப்போ, புண் ஆறட்டும்."