மூன்று முறையும் சிவப்பு

அஞ்சுகத்துக்கு நடந்தது அநியாயம். மடத்தில் மதியச் சோறு தின்ற சீடன் ஒருவன் பொழுது சாய்வதற்குள் செத்துப்போனான். சமைத்தவள் அஞ்சுகம். கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சந்நிதியில், இரண்டு பூக்களைச் சருகுப் பொட்டலங்களாக முடிந்து பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் குற்றமில்லை, சிவப்பு வந்தால் கொலைகாரி. அவளை மூன்று முறை எடுக்க வைத்தார்கள். மூன்று முறையும் சிவப்பு. தீர்ந்தது விசாரணை! அவளைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு அரசனுக்கு ஆள் அனுப்பினார்கள். பொழுது இறங்கக் காவலர் வருவார்கள். அப்புறம் கழுமரம்.

உச்சி வேளையில், யாத்திரை போயிருந்த மடத்துத் தலைவி நீலாயி அம்மை திரும்பி வந்தாள். பூக்கட்டியவன் மூத்த சீடன் தாண்டவன். அவன்தான் எதிரே போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"சருகு, முடிச்சு எல்லாம் ஒரே அளவா?"

"ஒரே அளவு, தாயே. ஒரு தடவை தப்பலாம். மூன்று தடவையுமா தப்பும்?"

"எனக்குத் தெரியவில்லையே அப்பா. பார்த்துவிடுவோம். மடத்தில் எத்தனை பேர்?"

"பதினாறு."

"அத்தனை பேரும் மூன்று முறை எடுங்கள். அவளுக்குக் கேட்டதையே ஒவ்வொருவருக்கும் சந்நிதியில் கேள்."

தாண்டவன் பூக்கட்டினான். முதலில் வந்தவர் தொப்பை வல்லபர். "சோற்றுக்கும் இவர்தான் முதல், கொலைக்கும் இவர்தானா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிவப்பு, பிறகு இரண்டு முறையும் வெள்ளை. இன்னும் சிரித்தார்கள்.

ஐந்தாவதாக வந்தவன் குழந்தைவேலு. சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி தள்ளிப் போனார்கள்.

"தாயே! நான் ஒரு மாதமாக உங்களோடு யாத்திரையில் அல்லவா இருந்தேன்!"

"இருந்தாய். அடுத்தவர் வரட்டும்."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளையைக் கண்டவர்கள் அழுதார்கள். கடைசியில் தாண்டவன் மட்டும் மிச்சம்.

கண்ணை மூடி எடுத்தான். சிவப்பு. மறுபடி எடுத்தான். சிவப்பு.

மூன்றாவது பொட்டலம் உள்ளங்கையில் ஈரமாகிவிட்டது. முடிச்சைப் போட்டவன் அவன்தான். அவனுக்கே அது அவிழவில்லை.

"அவிழ்."

"முடியவில்லை, தாயே."

"வெள்ளையாகவும் இருக்கலாமே."

"இல்லாவிட்டால்?"

"இல்லாவிட்டால் நீதான் கொன்றாய்."

"ஐயோ, நான் கொல்லவில்லை!"

"இதை அவளும் சொல்லியிருப்பாளே?"

தாண்டவன் தூண் பக்கம் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். "சொன்னாள். ஓயாமல் சொன்னாள். அதனால்தான் வாயில் துணியை அடைத்தோம்."

அம்மை கையை நீட்டினாள். அவன் பொட்டலத்தைக் கொடுத்தான். அதை அவிழ்க்காமலே விளக்குத் தீயில் காட்டினாள். சருகு சுருண்டு எரிந்தது.

வெளியே குதிரைகள் வந்து நின்றன. வாசல் கதவை ஈட்டிக் காம்பால் இடித்தார்கள்.

"தாயே," தாண்டவன் அம்மையின் அருகே வந்தான். "அப்படியானால் அஞ்சுகம் குற்றமற்றவள்தானே? அதையாவது உறுதியாகச் சொல்லுங்கள். காவலருக்குச் சொல்ல வேண்டுமே."

"எனக்குத் தெரியாது. அவர்களிடமும் தெரியாது என்றுதான் சொல்லப்போகிறேன். நீ போய் அவள் கட்டை அவிழ்த்துவிட்டு, உலை வைக்கச் சொல். முதல் இலை எனக்கு."