டிரம் இழுக்கிறது

ஆற்றங்கரை மடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, கோமதிநாயகத்தின் சட்டைப்பையில் இருந்த தாள் சரசரத்தது. நேற்று முழுவதும் அமர்ந்து எழுதி, இரண்டு முறை படியெடுத்து, ஒற்றுப்பிழைகூட இல்லாமல் திருத்தி, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

அவருக்கு வயது அறுபத்துநான்கு. மடத்தை நடத்திவந்த சிவஞானத்தம்மைக்கு நாற்பத்தைந்துகூட நிரம்பவில்லை. ஆயினும் ஐந்து ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் அவர் அந்த அம்மையின் முன் அமர்ந்து பாடம் கேட்டுவந்தார். தம்மைவிட மூத்தவரைச் சீடர் என்று சொல்ல அம்மைக்கு ஒருபோதும் வாய் வந்ததில்லை. “நாயகம் ஐயா” என்றுதான் அழைப்பார்.

“இன்று வெள்ளிக்கிழமை இல்லையே, நாயகம் ஐயா” என்றார் அம்மை. அவர் கையில் செப்புக்குடம் இருந்தது. செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இன்று மாலை ஞானமுத்துவின் படத்திறப்பு, அம்மா. நான்தான் திறந்துவைத்துப் பேச வேண்டும். எழுதி வந்திருக்கிறேன். கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்ல வேண்டும்.”

ஞானமுத்துவை அம்மை அறியார். ஆனால் பஞ்சாலை பேண்டை அறியாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. வெள்ளைச் சீருடையும் சிவப்பு இடைக்கச்சையுமாக இருபத்துநான்கு பேர், மே தினத்தன்றும் ஆலை ஆண்டுவிழாவன்றும் தேரடியிலிருந்து ஆலை வாசல்வரை வாசித்துக்கொண்டே நடப்பார்கள். முன்வரிசையில் கிளாரினெட்டோடு கோமதிநாயகம். கடைசி வரிசையில் பெரிய டிரம்மோடு ஞானமுத்து. ஒரே நாளில் பேண்டில் சேர்ந்து, ஆலையில் ஓய்வு பெற்ற பின்னும் விலகாமல், இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தவர்கள். இரண்டு மாதங்களுக்கு முன் ஞானமுத்து நெஞ்சுவலி கண்டு இறந்துபோனார்.

“படியுங்கள்” என்றார் அம்மை.

கோமதிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். பேண்டில் சேர்ந்த நாள், நடந்த ஊர்கள், பெற்ற பாராட்டுகள். பிசகாத நடைக்காக ஆண்டுதோறும் ஒருவருக்கு வழங்கப்படும் கோப்பையைத் தாம் ஒன்பது முறை பெற்றது. அதனால் ‘நேர்நடை நாயகம்’ என்று ஊர் தமக்குப் பெயரிட்டது. அப்பெருமையில் நண்பர் ஞானமுத்து கொண்ட மகிழ்ச்சி.

படித்து முடித்து நிமிர்ந்தார்.

“நல்ல தமிழ்” என்றார் அம்மை. “உங்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.”

கோமதிநாயகத்தின் காதுமடல் சூடேறியது. தாளை மடித்தார்; பிரித்தார்; மீண்டும் மடித்தார்.

“டிரம் அடிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும்?”

“பார்த்ததில்லை, அம்மா. அவர் பின்னால் வருவார். முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்க்கக் கூடாது.”

“இருபத்தெட்டு ஆண்டுகளும்?”

“இருபத்தெட்டு ஆண்டுகளும். ஓசைதான் எனக்குத் தெரியும். இடது கால் மண்ணில் படும்போது பெரிய டிரம் விழ வேண்டும். அதுதான் எங்கள் வேதம்.”

அம்மை குடத்தைச் சாய்த்து ஒரு துளசிக்கு நீர் விட்டார். கோமதிநாயகம் சற்றுத் தயங்கினார்.

“இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் போன பிறகு ஓர் அணிவகுப்பு நடந்தது. புதியவர் ஒருவர் டிரம் அடித்தார். எனக்குக் கால் பிசகிவிட்டது, அம்மா. பின்னால் வந்தவர் மூன்று முறை என் குதிகாலை மிதித்தார். துக்கம் காலுக்கும் இறங்குமா?”

அம்மை குடத்தில் மீதமிருந்த நீரை செடிகளின் வேரில் ஊற்றிவிட்டு, அடுப்படிக்குப் போய் வந்து, வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் படித்துறையில் வைத்து அமர்ந்தார். அடுப்படியிலிருந்து எடுத்துவந்த அகப்பை ஒன்று கையில் இருந்தது.

“இங்கிருந்து அந்த மருதமரம்வரை ஈரமணலில் நடங்கள். பேண்டில் நடப்பதுபோல.”

“இந்த வேட்டியிலா?”

“மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். கோப்பை கொடுக்கமாட்டேன்; பயப்படாதீர்கள்.”

அம்மை குடத்தைத் தட்டினார். ஒரே சீரான தட்டு. கோமதிநாயகம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பத்தடிவரை கால் தட்டோடு விழுந்தது. இருபதாவது அடியில் தட்டு முந்திக்கொண்டது. முப்பதில் அவர் ஒருமுறை நொண்டிக் கால்மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. மரத்தடியை அடையும்போது கால் ஒருபக்கம், தட்டு ஒருபக்கம்.

“திரும்பி வந்து இன்னொரு முறை” என்றார் அம்மை.

இரண்டாம் முறை ஓரடிகூடப் பிசகவில்லை. மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்திருந்தது.

“இப்போது சரியாக அடித்தீர்கள், அம்மா. முதல் முறை சற்று அவசரப்பட்டுவிட்டீர்கள்.”

“முதல் முறை ஆற்றைப் பார்த்துக்கொண்டு அடித்தேன்.”

“இப்போது?”

“உங்கள் இடது காலைப் பார்த்து.”

கோமதிநாயகம் மணலைப் பார்த்தார். மரத்தை நோக்கி நடந்த இரண்டு வரிசைத் தடங்கள். வலது தடங்கள் அச்சிட்டாற்போல இருந்தன. ஒவ்வோர் இடது தடத்துக்கும் பின்னால் ஒரு கோடு. படித்துறை அருகே நகக்கீறல் அளவு. மரத்தை நெருங்க நெருங்க ஒரு சாண்.

வாலிபத்தில் பஞ்சுப்பொதி விழுந்து அடிபட்ட முழங்கால் அது. ஆறிவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

அவர் அங்கேயே மணலில் அமர்ந்துவிட்டார்.

“பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஆலைக்குப் பொன்விழா வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு பேண்டு மாஸ்டரைத் தனியாகப் பார்த்தேன், அம்மா. ‘டிரம் இழுக்கிறது; அடி பிந்தி விழுகிறது. ஞானமுத்துவுக்குக் கை தளர்ந்துவிட்டது’ என்றேன்.”

“இழுத்ததா?”

“இழுத்தது. அது பொய்யில்லை.” சொல்லிவிட்டு அந்தக் கோடுகளைப் பார்த்தார். “என் காலோடு சேர்ந்து இழுத்தது.”

“பிறகு?” என்றார் அம்மை.

“விழாவன்று டிரம்மை வேறொருவர் மாட்டிக்கொண்டார். ஞானமுத்துவிடம் தண்ணீர் வாளியைக் கொடுத்தார்கள். சீருடையோடு, வாளியைத் தூக்கிக்கொண்டு, சாலையோரமாகவே நடந்து வந்தார்.”

“நீங்கள் எப்படி நடந்தீர்கள்?”

“தடுமாறினேன். வந்தவருக்கு அடிக்கத் தெரியவில்லை என்று மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். மறுநாள் டிரம் ஞானமுத்துவிடம் திரும்பிவந்தது.”

“புகார் சொன்னவர் யாரென்று அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.”

அந்த மறுநாள் இப்போது அவர் கண்முன் வந்து நின்றது. ஆலைக் கிட்டங்கியில், பஞ்சுப்பொதிகளுக்கு நடுவே பயிற்சி. ஞானமுத்து டிரம்மின் தோள்வாரை இறுக்கிக்கொண்டே வந்தார்.

“ஓய் நேர்நடை, நேத்து எப்படி நடந்தீரு?”

“அந்த ஆளுக்கு அடிக்கவே தெரியல வேய். எனக்குக் காலே விழல.”

“அப்படியா?”

ஞானமுத்து குனிந்து அவர் காலை உற்றுப் பார்த்தார். புது ஷூவைத்தான் பார்க்கிறார் என்று கோமதிநாயகம் காலைச் சற்று முன்னே நீட்டிக்கூடக் காட்டினார்.

“ஷூ நல்லாத்தான் பளபளக்கு” என்றார் ஞானமுத்து. “சரி, விடும். இனியும் நான் பாத்துக்கிடுதேன்.”

அதன்பின் கோமதிநாயகம் நான்கு கோப்பைகள் பெற்றார். நான்கு முறையும் முதலில் கைதட்டிய ஓசை கடைசி வரிசையிலிருந்து வந்தது.

“அவருடைய மனைவி எஸ்தர் வீட்டுக்கே வந்து அழைத்தார், அம்மா. ‘அண்ணாச்சி, நீங்கதான் பேசணும். டிரம்மப் பிடுங்கின அன்னைக்கு அவுக சாப்பிடல. ஏன்னு கேட்டதுக்கு, கை ஓஞ்சிபோச்சு போலன்னு மட்டும் சொன்னாக. அவுக கை ஓயலன்னு ஊர்ல ஒருத்தராவது சொல்லணும் அண்ணாச்சி’ என்று என்னிடம் கேட்டார். என்னிடம்.”

அம்மை அகப்பையைக் குடத்தின்மேல் வைத்தார்.

“இந்தத் தாளை என்ன செய்வது, அம்மா?”

“நல்ல தாள். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.”

“அதில் எழுதத் துணிவில்லை. சொன்னால் நேர்நடை என்ற பெயர் இன்றோடு போய்விடும். ஊர் முழுவதும் வந்திருக்கும். என் மருமகன்கூட வருகிறார். நண்பனின் வாயிலிருந்து டிரம்மைப் பிடுங்கியவன் என்று...” சொற்குற்றம் அவருக்கே கேட்டது. “கையிலிருந்து” என்று திருத்தினார்.

அம்மை திருத்தம் சொல்லவில்லை.

“படத்தை எப்படித் திறப்பீர்கள்?”

“எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேண்டுக்காரன் படத்தைப் பேண்டுக்காரன்தான் திறக்க வேண்டும். சீருடை அணிந்து, பெரிய டிரம் ஒலிக்க, ஆளுக்கு ஓரடியாக இருபத்துநான்கு அடி நடந்து போய்த் திரையை விலக்க வேண்டும்.”

“அந்த டிரம்மை அடிப்பவர் யார்?”

“புதியவர்.” கோமதிநாயகம் சட்டென நிமிர்ந்தார். “இருபத்துநான்கு அடிதானே, அம்மா. என் காலைப் பார்த்து அடிக்கும்படி அவரிடம் சொல்லிவைக்கட்டுமா?”

கேட்டு முடித்த பிறகுதான் தாம் கேட்டது அவர் காதில் விழுந்தது. தலை குனிந்தார். மணலில் இருந்த கோடுகளில் ஒன்றைக் கையால் அழிக்கப் போனார். அழிக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

அம்மை எழுந்து குடத்தை நிமிர்த்தினார்.

“அடிக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

“வழக்கத்தை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், அம்மா. முதலில் எஸ்தரே கேட்பார்.”

“கேட்பார்” என்றார் அம்மை. “அந்த இருபத்துநான்கு அடியையும் அவர் பார்க்க நடந்து முடித்துவிட்டு, அவருக்குப் பதில் சொல்லுங்கள்.”